கொசுறு விற்பனைக்கு இல்லை

மே மாதம் நெருங்கினால் மற்ற ஜூனியர் காலேஜ்களின் பேஸ்பால் கோச்சுகளுக்கு முகம் தொங்கிப்போகும். இரண்டு வருடம் தொண்டை கிழியக் கத்தி, உருட்டித் திரட்டி ஆளாக்கிய பையன்கள் ஒரே வாரத்தில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விடுவார்கள். இரண்டு வருடப் படிப்பு. அதற்குமேல் அங்கே யாரையும் வைத்துக்கொள்ள முடியாது. ஆட்லி ஜூனியர் காலேஜின் கோச் வெர்லின் ஸ்டக்கிக்கு மட்டும் மே மாதம் வந்தால் நடையில் ஒரு துள்ளல் வந்துவிடும்.

"கடை காலியானாத்தானே வியாபாரம் நடந்துச்சுன்னு அர்த்தம்" என்பார்.

மேற்குக் கான்சஸின் அந்தக் காற்றடிக்கும் மூலையில் இருபத்தேழு வருடமாக அவர் அந்தக் கடையை நடத்திவந்தார். புல் வெட்டுவது அவர்தான், கோடு போடுவது அவர்தான், வெளியூர் ஆட்டங்களுக்கு பஸ் ஓட்டுவதும் அவர்தான். அந்த வட்டாரத்தில் அவர் அளவுக்கு ஜெயித்த கோச் கிடையாது. எத்தனை ஜெயித்தீர்கள் என்று யாராவது கேட்டால், "போர்டுல எழுதியிருக்கும், பாருங்க" என்று கையைக் காட்டுவார். காற்று அந்த போர்டில் பாதியைப் பிய்த்துக்கொண்டு போய் ரொம்ப நாளாயிற்று. பெரிய பல்கலைக்கழகங்கள் இரண்டு முறை ஆளனுப்பி அவரைக் கூப்பிட்டன. "அங்க சரக்கு நாலு வருஷம் ஒரே அலமாரியில உக்காந்திருக்கும். தூசி தட்டியே என் இடுப்பு போயிடும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அவர் கணக்கில் வெற்றி என்பது டேப். உடை மாற்றும் அறையில் ஒவ்வொரு பையனுடைய அலமாரியிலும் ஒரு துண்டு வெள்ளை டேப் ஒட்டி, அதில் கறுப்பு மையால் பெயர் எழுதியிருக்கும். ஒரு பையனை நான்கு வருடப் பல்கலைக்கழகம் ஒன்று படிப்புதவி கொடுத்து எடுத்துக்கொண்டால், கோச் தன் கையாலேயே அந்த டேப்பை உரித்து, உருண்டையாக உருட்டி, குப்பைக்கூடையில் எறிவார். தூரத்திலிருந்து எறிவதுதான் வழக்கம். குறி தவறினால் எடுத்துவந்து மறுபடி எறிவார். இத்தனை வருடத்தில், இரண்டாம் வருடப் பையன் எவனுடைய டேப்பும் கடைசி ஆட்டத்துக்குப் பிறகு அலமாரியில் மிஞ்சியதில்லை.

இந்த வித்தையை அவர் எந்தக் கல்லூரியிலும் கற்கவில்லை. அவருடைய அப்பா ஆட்லி மாட்டுச் சந்தையில் ஏலம் கூவுபவர். ஏல மேடைக்கு அடியில் வைக்கோலில் படுத்துக்கொண்டு சிறுவன் வெர்லின் வாங்க வருகிறவர்களின் கண்களைப் பார்த்துக்கொண்டிருப்பான். வாங்க வந்தவன் வேண்டாத மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பான், முதுகைத் தட்டுவான், வாலைத் தூக்குவான். தனக்கு வேண்டிய மாட்டின் பக்கம் மட்டும் தலையைத் திருப்பவே மாட்டான். எவன் எதைப் பார்க்கவில்லை என்று கவனித்து, அதன் விலையை அப்பா ஏற்றுவார்.

மகன் தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்துக்கொண்டார்: கொசுறு. காய்கறிக்காரர் கத்தரிக்காயோடு கறிவேப்பிலையைச் சேர்த்துப் போடுவதைப்போல, எல்லோரும் அடித்துக்கொள்ளும் நட்சத்திர ஆட்டக்காரனோடு யாரும் சீந்தாத ஒருவனைச் சேர்த்துத் தள்ளிவிடுவார். "இவன் வேணுமா? அப்ப இவன் கூட்டாளியும் வரணும். இல்லாட்டி இவனுக்குத் தூக்கம் வராது" என்பார். அந்த இருவரும் அதுவரை பேசிக்கொண்டதே இல்லை என்பது பெரும்பாலும் அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரியவரும்.

இந்த வருடம் ஏப்ரல் முடியும்போது இரண்டாம் வருடத்துப் பையன்களில் இரண்டு டேப்கள்தான் பாக்கி. ஒன்று ஹெக்டர் மலாவேயுடையது. போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த, இடக்கையால் பந்தெறியும் பிட்சர். அவனைப் பற்றிக் கவலையே இல்லை. ஜூன் மாதம் தொழில்முறை அணி ஒன்று அவனை அள்ளிக்கொண்டு போகும் என்று ஊரில் தபால்காரருக்குக்கூடத் தெரியும். மற்றது கிர்பி பீலர்.

கிர்பி கேட்சர். மட்டைக்காரனுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, வருகிற பந்தையெல்லாம் பிடிக்க வேண்டியவன். அந்த ஒரு வேலையில் அவனை அடிக்க ஆளில்லை. ஹெக்டர் எறியும் பந்து நேராக வருவதுபோல் வந்து கடைசியில் தொபுக்கென்று புழுதியில் விழுந்து எங்கேயோ ஓடும். அதை கிர்பி தன் வீட்டுப் பூனைக்குட்டியைப் பிடிப்பதுபோல் பிடிப்பான். ஆனால் அவன் ஓடினால் யாரோ ஃபிரிட்ஜை நகர்த்துகிறார்கள் என்று தோன்றும். மட்டை பிடித்தால் காற்றுக்குத்தான் அடி விழும். பந்தின் வேகத்தை அளக்கக் கருவி இருக்கிறது, காலின் வேகத்தை அளக்கக் கடிகாரம் இருக்கிறது. கிர்பி செய்வதை அளக்க யாரும் எதையும் கண்டுபிடித்திருக்கவில்லை. வந்த ஆட்கள் எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் காருக்குத் திரும்பினார்கள்.

இதில் பெரிய சிக்கல் கிர்பியின் அம்மா நேடீன். பெரிய தெருவில், மைதானத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், அவளுடைய முடி திருத்தும் கடை. சுற்றுவட்டாரத்தில் தலை உள்ளவர்கள் எல்லோரும் அவள் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தவர்கள். இரண்டு வருடத்துக்கு முன் அவள் வீட்டு மேசையில், முட்டைக்கோஸும் மாட்டிறைச்சியும் அடைத்துச் சுட்ட பீராக் ரொட்டியை மென்றுகொண்டே, எல்லா அம்மாக்களிடமும் சொல்வதை கோச் அவளிடமும் சொன்னார்.

"ரெண்டு வருஷம் குடுங்க. என் கையிலேருந்து பெரிய கைக்கு மாத்தி விடறேன். வேணும்னா இந்த வட்டாரத்துல எந்த அம்மாகிட்ட வேணாலும் கேட்டுப் பாருங்க."

"கேட்டாச்சு. அதனாலதான் பீராக் சுட்டேன்."

இப்போது வாரம் தவறாமல் மைதானத்து வேலிக்கு வெளியே நின்று, "கோச், டேப் உரிச்சாச்சா?" என்று கேட்கிறாள். கிர்பியின் மாமா பன்றிப் பண்ணை வைத்திருக்கிறார். மே முடிந்தால் மருமகன் அங்கேதான் என்று முடிவு கட்டி, அவன் காலளவுக்கு ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் வாங்கியே வைத்துவிட்டார். அதை நேடீன் வேண்டுமென்றே கடையின் கண்ணாடி ஜன்னலில் வைத்திருந்தாள். கோச் தெருவில் போகும்போதெல்லாம் அது அவரைப் பார்த்தது. அந்த பூட்ஸுக்குள் கிர்பியின் கால் நுழைந்தால், அடுத்த வருடம் எந்த அம்மாவும் தனக்கு ரொட்டி சுடமாட்டாள் என்று அவருக்குத் தெரியும். அதற்கும் மேலே, கிர்பியை அவருக்குப் பிடிக்கும். பன்றிகளுக்குப் பந்து பிடிக்கிறவன் எதற்கு?

அப்போதுதான் ராய்ஸ் டெல்ப் போன் செய்தான். தெற்கே ஒரு பெரிய பல்கலைக்கழகத்துக்கு ஆள் பிடிப்பவன். ஒரு காலத்தில் கோச்சிடம் ஆடிய பையன்.

"வெள்ளிக்கிழமை வர்றேன் கோச். உங்க இடக்கையன் ஹெக்டரைப் பாக்கணும்."

"வாடா, வா. பார்க்கறதுக்குக் காசு கேக்கமாட்டேன்."

போனை வைத்ததும் கோச்சுக்குத் திட்டம் பிறந்துவிட்டது. ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில் முதல் நான்குக்குக் கிர்பியை உட்கார வைத்துவிட்டு, முதல் வருடப் பையன் நீல் ரிங்கரைக் கேட்சராக இறக்குவது. ஹெக்டரின் பந்து நீலுக்குக் கீழே புகுந்து, பக்கவாட்டில் ஓடி, பின்வேலிவரை உருளும். ராய்ஸ் அதை நன்றாகப் பார்க்கட்டும். ஐந்தாவதில் கிர்பி இறங்கினால் ஒரு பந்துகூடத் தப்பாது. அப்புறம் ராய்ஸின் தோளில் கைபோட்டு, "ஹெக்டர் வேணும்னா இவனும் வேணும், நீயே பாத்தியே" என்று கொசுறைக் கட்டிவிடலாம்.

"உன் முழங்காலுக்கு இன்னிக்கு ஓய்வுடா" என்றார் வெள்ளிக்கிழமை ஆட்டத்துக்கு முன் கிர்பியிடம்.

"முழங்கால் நல்லாத்தானே இருக்கு கோச்."

"அது உனக்குத் தெரியாது. உக்காரு."

ஆட்டக்காரர்கள் காத்திருக்கும் கொட்டகையின் ஓரத்தில் கிர்பி ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, கன்னம் நிறைய சூரியகாந்தி விதையை அடைத்துக்கொண்டான். வெளியே, வேகம் அளக்கும் கருவியோடு வேலிக்குப் பின்னால் ராய்ஸ் மடக்கு நாற்காலியைப் போட்டான். ஹெக்டர் முதல் பந்தை எறிந்தான். அது வழக்கம்போல் புழுதியில் விழுந்தது. நீல் அதைப் பிடித்தான்.

தற்செயல் என்று கோச் நினைத்தார். அடுத்ததையும் பிடித்தான். அதற்கடுத்து மாட்டுக் கொம்புபோல் வளைந்து வந்ததையும் நெஞ்சைக் கொடுத்து அமுக்கிவிட்டான். இரண்டாம் இன்னிங்ஸ் முடியும்போது பின்வேலிக்கு ஒரு பந்தும் போகவில்லை. கூட்டம் நீலுக்குக் கைதட்டியது. வெள்ளிக்கிழமை பார்த்துத்தானா இந்தப் பயலுக்கு ஞானம் பிறக்க வேண்டும் என்று கோச் பல்லைக் கடித்தார். நல்ல கேட்சர் இல்லாமல் ஹெக்டர் தவிப்பான் என்று காட்டப்போய், எந்தக் கேட்சர் இருந்தாலும் போதும் என்றல்லவா ஆகிவிட்டது?

மூன்றாம் இன்னிங்ஸில்தான் அவர் அதைக் கவனித்தார். ஒவ்வொரு பந்துக்கு முன்னும் நீல் ஓரக்கண்ணால் கொட்டகையைப் பார்க்கிறான். அங்கே வாளிமேல் கிர்பி. ஹெக்டர் காலால் மண்ணை ஒருமுறை கிளறினால் கிர்பி சும்மா இருக்கிறான். இரண்டுமுறை கிளறினால் ஒரு விதைத் தோலைத் துப்புகிறான். துப்பினால் நீல் உடனே கீழே சரிந்து உட்கார்ந்துகொள்கிறான். பந்து சொல்லிவைத்தாற்போல் அவன் முன்னாலேயே வந்து விழுகிறது. இப்படி ஒரு பழக்கம் தன் காலுக்கு இருப்பது ஹெக்டருக்கே தெரியாது.

கோச்சுக்குக் காது சிவந்தது. ஊரெல்லாம் ஏமாற்றி இவனை விற்கப் பார்க்கிறேன், இவன் உட்கார்ந்த இடத்தில் தன் பிழைப்பிலேயே மண் போடுகிறான். வாளியை நோக்கி விறுவிறுவென்று நடந்தார்.

"டேய், அவனுக்கு எதுக்குடா சொல்லிக் குடுக்கற?"

"பாவம் கோச். போன வாரம் தொண்டையில பந்து பட்டு ராத்திரி சூப்கூட குடிக்க முடியல அவனால."

"திரும்பி உக்காரு. சுவத்தைப் பாத்து உக்..."

அந்த வார்த்தை அப்படியே பாதியில் நின்றது. பேசிக்கொண்டே அவர் கண் பழக்கதோஷத்தில் ராய்ஸ் பக்கம் போயிருந்தது. ராய்ஸ் ஹெக்டரைப் பார்த்தான், நீலைப் பார்த்தான், முதல் பேஸில் நின்ற பையனைப் பார்த்தான். தூரத்துத் தானியக் கிடங்கை, பாப்கார்ன் விற்கும் பெண்ணை, தன் ஷூ நாடாவைக்கூடப் பார்த்தான். கோச்சே கொட்டகை ஓரத்தில் நின்று கையை ஆட்டிக் கத்துகிறார். மைதானமே திரும்பி அவரைப் பார்க்கிறது. ராய்ஸ் மட்டும் அந்த வாளி இருக்கும் திசைக்குத் தலையைத் திருப்பவில்லை.

வெர்லின் ஸ்டக்கிக்கு வைக்கோல் வாசனை மூக்கில் ஏறியது.

"என்ன கோச், சுவத்தைப் பாத்து உக்காரவா?" என்றான் கிர்பி.

"வேண்டாம் வேண்டாம். இப்படியே இரு." பையிலிருந்து ஒரு புதுப் பொட்டலம் விதையை எடுத்துக் கொடுத்தார். "தின்னு. நிறையத் தின்னு."

கடைசிவரை கிர்பியை அவர் இறக்கவே இல்லை. ஆட்லி ஜெயித்தது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அங்கே அது அன்றாடம் நடப்பது.

கோச்சின் அலுவலகம், புல்வெட்டும் இயந்திரம் நிற்கும் தகரக் கொட்டகை. ராய்ஸ் உரமூட்டைமேல் உட்கார்ந்தான். கோச் இயந்திரத்தின் இருக்கையில் உட்கார்ந்தார். பேரம் அங்கேதான் நடக்கும். இருபத்தேழு வருடமும் அங்கேதான் நடந்தது.

"ஹெக்டரை எடுத்துக்கறேன் கோச். முழுப் படிப்புதவி" என்றான் ராய்ஸ்.

"ரொம்ப சந்தோஷம்டா."

"ஒரு சின்ன விஷயம். நீங்க எப்பவும் ஒரு கொசுறு தருவீங்களே. இந்த வருஷம் யாரு? அந்த வாளியில ஒருத்தன் உக்காந்திருந்தானாமே, யாரோ சொன்னாங்க. சரி, உங்களுக்காக அவனையும் தூக்கிட்டுப் போறேன். படிப்புக்குப் பாதி தர்றேன்."

"அது விற்பனைக்கு இல்ல" என்றார் கோச்.

ராய்ஸின் புருவம் அசையவில்லை. ஆனால் உரமூட்டை கொஞ்சம் அசைந்தது.

"என்ன கோச் சொல்றீங்க?"

"ஹெக்டரை எடுத்துக்கோ. ஜூன்ல அவன் உன் பக்கம் திரும்பிப் பாக்காம தொழில்முறை அணிக்குப் போயிடுவான், அது உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும். சும்மா கைகுலுக்கி வெச்சுக்கலாம். ஆனா கிர்பிக்கு வேற இடம் பேசியாச்சு."

"வேற யாரு? அவன் மட்டையால ஈகூட அடிக்கமாட்டானே."

"ஈ அடிக்கறவன்தான் வேணும்னா மருந்துக்கடைக்குப் போ."

உண்மையில் வேறு யாரும் பேசியிருக்கவில்லை. ராய்ஸ் எழுந்து போனால் போனதுதான்; ஜன்னலில் பூட்ஸ் காத்திருக்கிறது. அந்த நேரம் பார்த்துச் சுவரில் போன் அடித்தது. கோச் பாய்ந்து எடுத்தார்.

"கோச், நான் நேடீன். கல்யாணப் பொண்ணுக்குக் கொண்டை போட்டுட்டிருக்கேன், ஆட்டத்துக்கு வரமுடியல. அந்த ஆள் கிர்பியைப் பாத்தானா?"

"சொல்லுங்க சார்" என்றார் கோச், ராய்ஸுக்குக் கேட்கும்படியாக.

"யாரு சாரு?"

"ஆமா சார், கிர்பி பீலரைப் பத்தித்தான் இங்கயும் பேச்சு. உங்களுக்கு அவன் எவ்வளவு அவசரமா வேணும்னு தெரியும் சார்."

"அவசரமா? எனக்கு அவனை வீட்டைவிட்டு அனுப்பணும்யா. கோச், நீங்க குடிச்சிருக்கீங்களா?"

"முழுசும் தர்றீங்களா? அடடா. பெரிய மனசு சார் உங்களுக்கு."

எதிர்முனையில் போன் டக்கென்று வைக்கப்பட்டது. கோச் வெறும் போனிடம் இன்னும் இரண்டு வாக்கியம் பேசிவிட்டு, பெருமூச்சோடு வந்து உட்கார்ந்தார். ராய்ஸ் வெகுநேரம் மோவாயைத் தடவிக்கொண்டிருந்தான்.

"முழுசும் தர்றாங்களா?"

"நான் எதுவும் சொல்லலடா. அடுத்தவங்க வியாபாரத்தை வெளியில சொல்றது எனக்குப் பழக்கமில்ல."

"சரி, நானும் படிப்புச் செலவு முழுசும் தர்றேன்" என்று ராய்ஸ் வாயெடுத்தபோது தகரக் கதவு தடாலென்று திறந்தது. வாயில் இரண்டு கொண்டை ஊசி, கையில் சீப்பு, மேலெல்லாம் முடி ஒட்டிய அங்கி. நேடீன்.

"பட்டப்பகல்ல குடிச்சுட்டு என்னையே சார்னு கூப்பிடறீங்களா? பெரிய மனசாம், சாராம். பொண்ணைப் பாதிக் கொண்டையோட விட்டுட்டு ஓடிவந்தேன், உங்களுக்கு மாரடைப்போ என்னமோன்னு."

ராய்ஸ் சிரிக்க ஆரம்பித்தான். உரமூட்டையிலிருந்து நழுவித் தரையில் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தான். கோச் தொப்பியைக் கழற்றி அதன் உள்பக்கத்தைத் தீவிரமாக ஆராய்ந்தார்.

"சார்னு கூப்பிட்டது இவங்களைத்தானா? கோச், வயசாகுது உங்களுக்கு. படிப்புக்குப் பாதி. இதுதான் கடைசி."

பாதி என்றால் மீதியைக் கட்ட நேடீனால் முடியாது, மாமாவின் பூட்ஸ்தான். நேடீன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். வாயிலிருந்த ஊசிகளை எடுத்துத் தலையில் செருகிக்கொண்டாள்.

"இரு இரு. அப்ப இவனுக்கு என் பையன் வேணுமா?"

"கொசுறா கேட்டேன் அக்கா, அவ்வளவுதான்."

"கொசுறா? இங்க படிச்ச ரெண்டு வருஷமும் உன் தலையை வெட்டினவ நான், ராய்ஸ். நீ எப்படி இங்கேருந்து போனேன்னு எனக்குத் தெரியாதா? ஷார்ட்ஸ்டாப் இடத்துல ஆடின அந்த உயரமான பையனோட கொசுறாத்தானே போனே? பாதி உதவிதான் குடுத்தாங்க. கிறிஸ்துமஸுக்கு முடி வெட்ட வந்தப்ப கழுத்து கோழிக் கழுத்து மாதிரி இருந்துச்சு. டின் சூப்பைத் தண்ணி ஊத்திக் குடிச்சேன் அக்கான்னு என் நாற்காலியிலதான் அழுதே. ஆறு பீராக் தின்னுட்டு எந்திரிச்சே."

ராய்ஸின் சிரிப்பு நின்றுவிட்டது.

"ஏழு" என்றான் மெதுவாக.

"என் பையன் காலையில நாலு முட்டை தின்பான். பாதியில முடியாது. படிப்பு முழுசும் குடு, சாப்பாடும் குடு. மூணு வேளை. வேண்டாம்னா சொல்லு, பொண்ணுக்குக் கல்யாணத்துக்கு நேரமாச்சு."

ராய்ஸ் அவளைப் பார்த்தான். பிறகு கோச்சைப் பார்த்தான். கோச் இன்னும் தொப்பிக்குள்ளேயே இருந்தார், ஆனால் தோள் குலுங்கியது.

"எங்ககிட்ட புழுதியில பந்தைப் போடறவனுங்க மூணு பேர் இருக்கானுங்க. பிடிக்க ஆளில்ல" என்றான் ராய்ஸ். "நானூறு மைல் அந்த வாளிக்காகத்தான் வந்தேன். போன மாசமே எங்க ஆள் ஒருத்தன் வந்து பாத்துட்டுச் சொன்னான். சரி அக்கா. மூணு வேளை."

"ஞாயித்துக்கிழமையும்" என்றாள் நேடீன்.

"ஞாயித்துக்கிழமையும்."

அவள் சீப்பை மறு கைக்கு மாற்றி, அவன் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, வந்த வேகத்தில் வெளியே போனாள். வாசலில் திரும்பி, "கோச், அந்த பூட்ஸ் உங்க காலுக்குச் சேரும்னு நினைக்கறேன். புல் வெட்டறப்ப போட்டுக்கங்க" என்றாள்.

"என்னை எப்ப கண்டுபிடிச்சீங்க கோச்?" என்று கேட்டான் ராய்ஸ், பேண்டில் ஒட்டிய உரத்தைத் தட்டிக்கொண்டே.

"மூணாவது இன்னிங்ஸ்ல. பாப்கார்னைப் பாத்தே பாரு, அப்ப. உனக்கு பாப்கார்ன் பிடிக்காதே."

வெளியே பையன்கள் மைதானத்தைச் சமன்செய்து முடித்துக் கூடியிருந்தார்கள். செய்தி அதற்குள் எப்படியோ அங்கே போயிருந்தது. கிர்பி நான்கு பேர் முதுகில் ஏறி உட்கார்ந்திருந்தான், நான்கு பேரும் திணறினார்கள். ராய்ஸ் கைகொடுத்துக்கொண்டே போனான். ஹெக்டரைக் கட்டிக்கொண்டான். முதல் பேஸ் பையனின் தோளைத் தட்டினான். பாப்கார்ன் பெண்ணுக்குத் தொப்பியைத் தூக்கினான். எதிரணியின் பஸ் டிரைவரோடுகூட வானிலை பேசினான். பிறகு காரில் ஏறிப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனான்.

கோச் உடை மாற்றும் அறைக்குப் போய், ஹெக்டருடையதை முதலில் உரித்துவிட்டு, பீலர் என்ற டேப்பின் நுனியை நகத்தால் கிளப்பினார். இரண்டு வருடம் ஒட்டியிருந்தது. பெயின்டையும் சேர்த்துக்கொண்டு வந்தது. உருட்டி, வாசலருகே போய் நின்று எறிந்தார். கூடைக்குள் விழுந்தது.

திரும்பும்போது பக்கத்து அலமாரியின் டேப் கண்ணில் பட்டது. ரிங்கர். அவர் நின்று யோசித்தார். ராய்ஸ் பிட்சரைக் கட்டிக்கொண்டான், முதல் பேஸ் பையனைத் தட்டிக்கொடுத்தான், பஸ் டிரைவரோடும் பேசினான். இன்றைக்கு ஒரு பந்தையும் தவறவிடாத நீல் ரிங்கர், வரிசையில் முதல் ஆளாகத்தான் கையை நீட்டிக்கொண்டு நின்றான். அவனை மட்டும் ராய்ஸ் பார்க்கவே இல்லை.

வெர்லின் ஸ்டக்கி அந்த டேப்பின் ஒரு ஓரத்தை இப்போதே லேசாகக் கிளப்பி வைத்தார், அடுத்த மே மாதம் உரிக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று.